காவிரிக்கரை நடையும் கடாரக்கரை நடையும்

ஆற்றோரம் நடப்பதைத் தமிழிலக்கியம் எத்துணை நுட்பமாக நோக்கியது என்பதற்குச் சிலப்பதிகாரத்து நாடுகாண் காதை சான்றாகும். புகாரை நீங்கிய கோவலனும் கண்ணகியும் காவிரியின் வடகரை வழியே மேற்கு நோக்கி நடக்கின்றனர். ஒரு காதம் கடந்ததும் தளர்ந்த கண்ணகி, மதுரை யாதென வினவுகின்றாள். முப்பது காதத்தை அண்மையென்று கூறி நகைக்கின்றான் கோவலன். வழியின் நீளத்தை அறிந்தவை அவள் கால்களே.

பின்னர் உடன்வரும் கவுந்தியடிகள் வழிகளின் இடர்களை எடுத்துரைக்கின்றார். சோலை வழியில் நிழலுண்டு; ஆயின் வள்ளிக்கிழங்கு அகழ்ந்த குழிகளைச் சண்பகப் பூக்கள் மூடிக் கிடக்கும். வயல் வழியிலோ நண்டும் நத்தையும் மிதியுண்டு மாளும். முன்னது நடப்பவர்க்கு நேரும் தீங்கு. பின்னது நடப்பவரால் பிறவுயிர்க்கு நேரும் தீங்கு. இவ்விரண்டையும் ஒருங்கே எண்ணியதில்தான் இளங்கோவடிகளின் நோக்கு உயர்கின்றது. இதனைச் சமணக் கொல்லாமையின் விளக்கம் என்று மட்டும் கூறி அமைதல் போதாது. நல்ல பாதை எது என்பதற்கு அஃது ஓர் அளவுகோலுமாகும்.

அவ்வளவுகோல் கெடாவுக்கு அயலானதன்று. பட்டினப்பாலை கூறும் காழகத்தைக் கடாரம் என்றே கொண்டார் நச்சினார்க்கினியர். 1735இல் தலைநகரான அலோர் ஸ்டார், கெடா ஆறும் அனாக் புக்கிட் ஆறும் சார்ந்து வளர்ந்தது. அங்குத் தஞ்சோங் சாலியில் ஆற்றின் அழகு காண உலவ வருவோர் உளர். கண்ணுக்கு இனிமை வேண்டியதே. ஆயின் கண்ணகி உலாவப் புறப்பட்டவள் அல்லள். பொருளிழந்து, பிழைப்புத் தேடிச் சென்ற கணவனோடு நடந்தவள். தோட்டங்கள் துண்டாடப்பட்டும் வீட்டுமனைகளாக மாறியும் போனபின் சுங்கை பட்டாணி போன்ற நகர்களுக்குக் குடிபெயர்ந்த தமிழருள், ஊர்தியற்ற முதியோர்க்கும் மாணவர்க்கும் நடை பொழுதுபோக்கன்று, அன்றாடத் தேவை.

நடப்பவரை மறந்த அழகு எங்குச் சென்று முடியும் என்பதற்கு அகமதாபாத் எடுத்துக்காட்டு. சபர்மதியின் கரைகளில் ஏறத்தாழ 11 கிலோமீட்டர் நீளத் திட்டத்தின் நடைபாதை 2012இல் மக்களுக்குத் திறக்கப்பெற்றது. தூய்மையும் ஒழுங்கும் பாராட்டுக்குரியவை. எனினும் கரையில் வாழ்ந்த ஏழைக் குடும்பங்கள் ஆயிரக்கணக்கில் அகற்றப்பட்டன. நீருக்கும் நிலத்துக்கும் இடையே கற்காரைச் சுவர் எழுந்தது. கவுந்தியடிகள் அஞ்சிய இருவகைத் தீங்கும் அங்குள.

காப்பியத்தைக் கொண்டு நகரமைப்பை அளத்தல் முறையோ எனச் சிலர் வினவலாம். காப்பியம் கட்டுமான நூலன்று என்பது உண்மையே. ஆயினும் யாருக்காகப் பாதை, எதை மிதித்துப் பாதை என்னும் வினாக்களை அது எழுப்புகின்றது. நாடுகாண் காதையைக் கற்பிக்கும் ஆசிரியர், மாணவரை அருகிலுள்ள ஆற்றங்கரைக்கு அழைத்துச் செல்லலாம். நிழல் உண்டா? பாதை இடையறாது சந்தைக்கும் பள்ளிக்கும் செல்கின்றதா? நண்டுக்கும் நத்தைக்கும் இடம் எஞ்சியுள்ளதா? இவற்றை நடந்து கண்டறியும் மாணவன், கண்ணகியின் வினாவை உரையின்றியே உணர்வான்.