கை அமுக்கினால் ஓடும் இன்ஜின்

மெல்ல ஓட்டினால் சீராக ஓடும். வேகம் கூட்டினால் திணறி அணைந்துவிடும். படகில் பழைய இன்ஜின் வைத்திருக்கிற எவருக்கும் இந்தத் திணறல் தெரியும். பருத்தித்துறை வள்ளத்தின் அவுட்போர்டு மோட்டாரிலும் ராமேசுவரம் விசைப்படகின் டீசல் இன்ஜினிலும் முதல் சந்தேகம் எரிபொருள் பம்ப் மேல்தான் விழும். ஆனால் அதைச் சோதிக்கிற முறை இரண்டு கரையிலும் வேறு.

இலங்கையின் வடகரையில் 3.5 டன் படகுகளை விட்டால், பெரும்பாலும் கண்ணாடியிழை வள்ளங்கள்தான். பெட்ரோலில் கிளப்பி, சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றி ஓட்டும் மோட்டார்கள் அங்கே நிறைய. மோட்டார் நின்றதும் இளைஞன் ஒருவன் பம்பைக் கழற்றப் போனதைக் கரையில் இருந்து பார்த்தேன். வலை பொத்திக்கொண்டிருந்த பெரியவர் தலை நிமிராமலே கேட்டார்: “தம்பி, டாங்கி மூடியின்ர காத்துத் திருகைத் திறந்தனியோ?” அவன் திறந்திருக்கவில்லை. டாங்கிக்குள் காற்றுப் போகாவிட்டால் எந்தப் பம்பும் எண்ணெயை இழுக்காது.

அடுத்து, குழாயின் நடுவில் இருக்கும் ரப்பர் பல்ப். உள்ளங்கையே அங்கே கருவி. ஓடும்போது பல்ப் சப்பையாக ஒட்டிப்போனால் டாங்கிப் பக்கம் அடைப்பு. எத்தனை முறை அமுக்கியும் இறுகாமல் தொளதொளவென்று இருந்தால், குழாயில் எங்கோ காற்று நுழைகிறது, அல்லது பல்பின் வால்வே போய்விட்டது. திணறும் நேரத்தில் அமுக்கிக் கொடுத்ததும் இன்ஜின் உயிர் பெற்று ஓடினால் குற்றவாளி பெரும்பாலும் பம்புதான். டூ ஸ்ட்ரோக் மோட்டாரில் இந்தப் பம்பை எந்தப் பல்சக்கரமும் ஓட்டுவதில்லை. பிஸ்டன் ஏறி இறங்க, கிராங்க் அறையில் உண்டாகும் அழுத்தமும் உறிஞ்சலும் ஒரு மெல்லிய டயாப்ரத்தை ஆட்டுகின்றன. அது விறைத்தாலோ கிழிந்தாலோ வேகம் கேட்கும்போது எண்ணெய் போதாது. கிழிசல் வழியே எண்ணெய் கிராங்க் அறைக்குள் ஒழுகினால் புகை கூடும், பிளக் நனையும்.

வடக்கில் இந்தக் கைப்பழக்கத்துக்குப் பின்னால் எரிபொருள் தட்டுப்பாட்டின் நீண்ட கதை இருக்கிறது. 1990களின் போர்க்காலப் பொருளாதாரத் தடையின்போது பெட்ரோல் சொட்டுக் கணக்கு. 2022 ஆகஸ்டில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாயிலிருந்து ஒரே நாளில் 340 ஆனது. எண்ணெயை வீணாக்காமல் நோயைக் கண்டுபிடிக்க வேண்டிய கட்டாயம் அவர்களுக்கு.

ராமேசுவரத்தில் காதில் விழுவது வேறு வார்த்தை: “அண்ணே, ஏர் பிடிச்சிருச்சு.” டீசல் குழாயில் காற்று புகுந்தால் இன்ஜெக்‌ஷன் பம்ப் காற்றையே அழுத்திக்கொண்டிருக்கும், நாசிலில் டீசல் பீறிடாது. டிரைவர் ஸ்பேனரோடு இறங்கி, பில்டரின் மேல் திருகைத் தளர்த்தி, டாங்கியிலிருந்து டீசலை இழுக்கும் பீட் பம்பைக் கையால் அடிப்பார். நுரையும் குமிழியுமாக வரும் டீசல் குமிழி நின்று தெளிந்து வழிந்ததும் திருகை முறுக்குவார். பிறகு இன்ஜெக்‌ஷன் பம்பிலும் அதையே செய்வார். பத்து நிமிடத்தில் இன்ஜின் ஓடும்.

கைநெம்பு வைத்த பழைய பீட் பம்பில் ஒரு விஷயம். நெம்பு பிடிப்பே இல்லாமல் ஆடினால் உடனே பம்ப் செத்தது என்று முடிவு கட்டக்கூடாது. உள்ளே கேம் உச்சியில் நின்றிருக்கலாம். இன்ஜினை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு மறுபடி அடித்தால் பிடிப்பு வரும். இது தெரியாமல் நல்ல பம்புகளை மாற்றிய படகுகள் உண்டு. லாரிக்கு விற்கிற உதிரிப்பாகம் பல படகு இன்ஜின்களுக்கும் பொருந்துவதால், தமிழ்நாட்டில் மாற்றுவது சுலபம். சுலபம் என்பதாலேயே சோதனை குறைகிறது. டயாப்ரம் கிழிந்த பம்ப் டீசலை ஆயில் சம்ப்புக்குள் விடும். டிப்ஸ்டிக்கில் ஆயில் மட்டம் ஏறி, டீசல் வாசனை அடித்தால் அதற்குமேல் ஓட்டவே கூடாது, பேரிங் போய்விடும்.

இரண்டு கரையிலும் எனக்கு ஒரே வருத்தம். பல்பை அமுக்குவது சோதனை. அதையே சிகிச்சையாக்கி, ஒருவர் உட்கார்ந்து அமுக்கிக்கொண்டே ஒரு சீசனை ஓட்டிவிடுகிறார்கள். ராமேசுவரம் பக்கம் ஏர் எடுத்துவிட்டு, அந்த ஏர் எங்கிருந்து வந்தது என்று தேடாமல் மறுநாளும் கடலுக்குப் போகிறார்கள். தேய்ந்த வாஷர், வெடித்த குழாய், தளர்ந்த கிளிப் எதுவும் தானாக ஆறாது. விசைப்படகுகளுக்கு ஏப்ரல் 15 முதல் 61 நாள் மீன்பிடித் தடைக்காலம் கிடைக்கிறது, பம்பைப் பிரித்துப் பார்க்கலாம். யாழ்ப்பாணத்துச் சிறு வள்ளத்துக்கு அப்படி ஓர் ஓய்வு கிடையாது. சைக்கிள் டியூபில் வெட்டிய டயாப்ரம் வள்ளக்காரனைக் கரை சேர்க்கலாம். ஆனால் அந்த ரப்பர் எண்ணெயில் ஊறி உப்பிவிடும். நாற்பது கிராம் கூட இல்லாத நல்ல டயாப்ரம் ஒன்றை வள்ளத்தில் வைத்திருந்தால் போதும்.

பாக்கு நீரிணையில் இன்ஜின் நின்ற படகு நிற்பதில்லை. தென்மேற்குச் சோளகம் வீசினால் ராமேசுவரத்துப் படகு நெடுந்தீவுப் பக்கம் ஒதுங்கும். வாடை வீசினால் யாழ்ப்பாணத்து வள்ளம் ராமநாதபுரக் கரை நோக்கி வரும். 1974இல் வரைந்த இந்திய-இலங்கை எல்லைக்கோட்டைத் தாண்டியபின், டயாப்ரம் கிழிந்ததால்தான் வந்தோம் என்று படகில் இருப்பவர்கள் கழற்றிய பம்பைக் கையில் வைத்துக்கொண்டு சொல்ல வேண்டியிருக்கும்.