ஈகையும் மறுமை நோக்கும்: பரிமேலழகர் உரை குறித்து ஒரு மதிப்பீடு

தன்னலம், பேராசை, பிறர்நலம் ஆகியவற்றை எதிரெதிர் நிறுத்தி ஆராய்வது மேலை அறவியலில் பெருவழக்கு. பிறர்நலத்திற்கு அவர்கள் வழங்கும் கலைச்சொல் 19ஆம் நூற்றாண்டில் பிரெஞ்சு அறிஞர் ஒகுஸ்ட் கோம்த் ஆக்கியது. திருக்குறளின் பகுப்பு வேறு. பிறர் பொருளை விரும்புதல் வெஃகல் (அதி. 18), தன் பொருளை வேண்டுமிடத்தும் கொடாமை இவறன்மை (அதி. 44). இரண்டையும் பேராசை என ஒரு சொல்லில் அடக்குவது பொருந்தாது.

சிக்கல் ஈகை அதிகாரத்தில்தான் எழுகிறது. ஒப்புரவறிதலை இம்மை நோக்கியது என்றும், அதன்பின் நிற்கும் ஈகையை மறுமை நோக்கியது என்றும் பரிமேலழகர் பிரிக்கிறார். இதனை ஏற்பின், கொடுப்பவன் தனக்கே சேமிக்கிறான் என்றாகும். ஈகை நெடுங்காலத் தன்னலமாய் முடியும். 222ஆம் குறளோ, மேலுலகம் இல்லையென்றாலும் ஈதலே நன்று என்னும் கருத்தினது. அவ்விடத்து 'எனினும்' என்பது அங்ஙனம் கூறுவார் இன்மையை விளக்கி நின்றது என உரைகாரர் அமைதி காண்கிறார். கூறுவாரே இல்லையெனின் வள்ளுவர் அதனை எடுத்துரைக்க வேண்டிய தேவை யாது? மறுமையை மறுத்தோரைத் தமிழுலகம் அறியாததன்று. மணிமேகலையில் பூதவாதி அதனை வெளிப்படையாகவே மறுக்கிறான். உரைகாரரின் இலக்கண நுட்பம் இங்குக் குறளின் கூர்மையை மழுக்கிவிட்டது என்றே கருத வேண்டியுள்ளது.

சங்கச் சான்றுகளும் இக்கருத்துக்கு அரண் செய்கின்றன. ஆய் அண்டிரனைப் பாடும் முடமோசியார் (புறம். 134), இப்பிறப்பில் செய்தது மறுபிறப்பில் பயன்தரும் என்று கணக்கிட்டு அறத்தை விற்கும் வணிகன் அல்லன் அவன் என்கிறார். பேகனின் கொடை மறுமையை நோக்கியதன்று, பிறர் வறுமையை நோக்கியது என்பது பரணர் கூற்று (புறம். 141). மறுமைக்கென ஈவோரும் அன்று இருந்தனர் என்பதையும், அவர்களைப் புலவர்கள் ஒருபடி தாழ்வாகவே மதித்தனர் என்பதையும் இவற்றால் உய்த்துணரலாம்.

இதற்கு மாறான சான்று குறளிலேயே உண்டு. 226ஆம் குறள் வறியவர் பசி தீர்த்தலைப் பொருள் வைக்கும் இடமாகக் காட்டுகிறது. அது பொருள் பெற்றவனுக்கு அவன் மொழியிலேயே கூறும் அறிவுரை. அதிகாரத்தின் அடிப்படை அன்று. 228ஆம் குறள் கூறும் கொடுத்து மகிழும் இன்பமும் தன்னலமே எனச் சிலர் வாதிடலாம். பிறர் நன்மையை முன்னரே விரும்பாதவனுக்கு அதனால் இன்பம் பிறக்க வழியில்லை என்பது 1726இல் வெளியான ஜோசப் பட்லரின் சொற்பொழிவுகளில் காணும் விடை. பரிமேலழகரும் அங்கு, பெற்றவர் உவத்தலால் அருளுடையார் எய்தும் இன்பம் என்றே பொருள் கொள்கிறார். தாம் வகுத்த மறுமை நோக்கை அக்குறளின் உரையில் அவரே கைவிட்டுவிடுகிறார்.