எட்டுக்கு எட்டுக் கட்டத்தில் ‘திருப்பூர்’

போன வாரம் ஒரு டி-ஷர்ட் லேஅவுட் பார்த்தேன். மேல் வரியில் ஊர்ப்பெயர் ஆங்கிலத்தில், பிரஸ் ஸ்டார்ட் 2பி எழுத்துருவில், பழைய வீடியோ கேம் மாதிரி கட்டம் கட்டமாக. கீழே அதே பெயர் தமிழில், கல்யாணப் பத்திரிகை மாதிரி வழுவழுன்னு. காரணம் இதுதான்: அந்த எழுத்துருவில் தமிழே கிடையாது. மென்பொருள் தன்னிடம் இருந்த வேறொரு தமிழ் எழுத்துருவை எடுத்துப் போட்டுவிட்டது.

பிரஸ் ஸ்டார்ட் 2பி நல்ல எழுத்துரு, அதில் சந்தேகமில்லை. 1980-களின் நாம்கோ ஆர்கேட் எழுத்துகளை ஒட்டி வரைந்தது. ‘பேக்-மேன்’ திரையில் பார்த்திருப்பீங்க. ஒவ்வொரு எழுத்தும் 8-க்கு 8 கட்டத்துக்குள். செங்குத்துக் கோடு 2 புள்ளி தடிமன், படுக்கைக் கோடு 1 புள்ளி. எதை விடுவது, எதை வைப்பது என்று யாரோ உட்கார்ந்து முடிவு செய்திருக்கிறார்கள். அதன் அழகே அதுதான்.

இதையே தமிழுக்குச் செய்தால் என்ன ஆகும்? கிராஃப் தாளில் போட்டுப் பார்த்தேன். ‘தி’யின் விசிறிக்கும் புள்ளிக்கும் மேலே 2 வரிசை, ‘ரு’, ‘பூ’ ஆகியவற்றின் கீழ்வளைவுக்கு 2 வரிசை. உடலுக்கு மிச்சம் 4. அதில் ‘ர’வின் வாலுக்கு இடமில்லை, வால் போனால் அது கால். அகலத்திலும் இதே கதை. ‘ண’வின் குறுக்கே கோடு இழுத்தால் குறைந்தது 4 செங்குத்துக் கோடுகளை வெட்டும். கோட்டுக்கு 2 புள்ளி, இடைவெளிக்கு 1 என்றால் 11 புள்ளி. எட்டில் எப்படி அடங்கும்?

சிலர் சாதாரணத் தமிழ் எழுத்துருவை எடுத்து, மொசைக் ஃபில்டர் போட்டு ‘ரெட்ரோ’ என்கிறார்கள். எனக்கு உடன்பாடில்லை. அங்கே யாரும் எதையும் முடிவு செய்யவில்லை. வளைவின் ஓரம் பிசிறடித்திருக்கிறது, அவ்வளவுதான். சின்னதாக அச்சடித்தால் ‘ன’வும் ‘ண’வும் ஒன்றாகிவிடும்.

தமிழுக்கு 16 வரிசையில் தொடங்கணும். எல்லா எழுத்துக்கும் ஒரே அகலம் என்ற பிடிவாதத்தை விடணும். 1978 எழுத்துச் சீர்திருத்தம் ‘ணை’, ‘னை’ போன்றவற்றின் தும்பிக்கையை எடுத்துவிட்டதால் பாதி வேலை மிச்சம். உகர, ஊகார வரிசை 36 எழுத்துகளை மட்டும் ஒவ்வொன்றாகக் கையால் வரைந்தே ஆகணும், குறுக்குவழி இல்லை.

இந்தக் கணக்கு நம்ம ஊருக்குப் புதுசும் இல்லை. ஜக்கார்ட் காலரில் எழுத்து பின்னுகிறவருக்கு ஒரு லூப்தான் ஒரு புள்ளி. அந்த லூப் சதுரமில்லை, உயரத்தைவிட அகலம் அதிகம். சதுரக் கட்டத்தில் வரைந்ததை அப்படியே பின்னினால் எழுத்து குள்ளமாகிவிடும். அது தெரிந்து, வரிசையைக் கூட்டித்தான் டிசைன் போடுவார்கள். பொருளின் கட்டத்துக்கு ஏற்ப எழுத்தை யோசிக்கிற அந்தப் பழக்கம் கணினித் திரைக்கு வரும்போது மட்டும் ஏன் காணாமல் போகிறது?