காவல் நாயா, சாட்சியா?

ராஜபாளையம் என்றால் உங்களுக்கு முதலில் ஞாபகம் வருவது எது? பத்தில் எட்டுப் பேர் நாய் என்பீர்கள். வெள்ளை உடம்பு, ரோஸ் நிற மூக்கு, எஜமானைத் தவிர வேறு எவரையும் மதிக்காத பார்வை. 2005-ல் தபால் துறை நாலு இந்திய நாய் இனங்களுக்கு ஸ்டாம்ப் வெளியிட்டபோது அதில் ஒன்று ராஜபாளையம்.

என் தங்கையைக் கொடுத்திருப்பது அந்த ஊரில்தான். மாப்பிள்ளைக்கு சத்திரப்பட்டியில் பேண்டேஜ் துணி வியாபாரம். போன முறை போயிருந்தபோது சும்மா கேட்டேன். "இந்த ஊர்ல இருந்துக்கிட்டு ஒரு நாய் வளர்க்கலையே மாப்பிள்ளை?"

"வளர்க்கிறேனே மச்சான். கார்ல கட்டிப் போட்டிருக்கேன்" என்றார்.

காட்டினார். முன் கண்ணாடியில், நடுக் கண்ணாடிக்குப் பின்னால், தீப்பெட்டி அளவுக்கு ஒரு கறுப்புப் பெட்டி. டேஷ்கேம். பச்சை நம்பர் பிளேட்டில் வெள்ளை எழுத்து போட்ட புது எலெக்ட்ரிக் கார். அதில் இந்தக் காவல்காரன்.

இந்தக் காவல்காரன் வேலைக்குச் சேர்ந்த கதையை முதலில் கேளுங்கள். உங்களில் சிலருக்கு உபயோகப்படும்.

காரை விற்ற இடத்தில் கேட்டதற்கு, "வெளியில் மாட்டி ஒயரை வெட்டினால் வாரண்டி போய்விடும்" என்றார்களாம். சரி, நீங்களே மாட்டிக் கொடுங்கள் என்றதற்கு, "எங்களிடம் அந்த வசதி இல்லை" என்றார்களாம். கடைசியில் தென்காசி ரோட்டில் கார் செட் மாட்டுகிற பையன் ஒருத்தன் ஒரு மணி நேரத்தில் மாட்டிக் கொடுத்துவிட்டான். நிறுத்தி வைத்திருக்கும்போதும் படம் பிடிக்கும் வசதியோடு. மாப்பிள்ளைக்கு ஏக சந்தோஷம்.

பிறகு பொதிகை எக்ஸ்பிரஸில் சென்னைக்குப் போனார். ஐந்தாம் நாள் திரும்பி வந்து ரிமோட்டை அழுத்தினால் கார் 'ஙே' என்று நிற்கிறது. கதவே திறக்கவில்லை. முந்நூறு வோல்ட்டுக்கு மேல் உள்ள பெரிய பேட்டரியில் எண்பது சதவீதம் சார்ஜ் இருக்கிறது. ஆனால் வண்டி பிணம்.

விஷயம் இதுதான். எலெக்ட்ரிக் காரிலும் பழைய பெட்ரோல் காரில் இருப்பது போல 12 வோல்ட் குட்டி பேட்டரி ஒன்று உண்டு. விளக்கு, பூட்டு, கம்ப்யூட்டர் எல்லாம் அதில்தான் ஓடுகின்றன. பெரிய பேட்டரியைக் காரோடு இணைக்கும் சுவிட்சைத் தட்டிவிடுவதும் இந்தக் குட்டிதான். இது படுத்துவிட்டால் பெரியது நிரம்பி இருந்தும் புண்ணியமில்லை. அண்டா நிறையப் பாயசம் இருக்கிறது, பூட்டிய ரூமின் சாவியைக் காணோம் என்கிற நிலைமை.

நான் படித்தது பி.காம். மின்சாரம் தெரியாது, கணக்கு தெரியும். கேமரா தின்பது மூன்று, நாலு வாட். பன்னிரண்டு வோல்ட்டில் அது கிட்டத்தட்ட 0.3 ஆம்பியர். ஒரு நாளைக்கு ஏழு ஆம்பியர்-அவர். குட்டி பேட்டரி 35 ஆம்பியர்-அவர் என்றால் ஐந்தாம் நாள் கணக்கு முடிந்தது. நிறுத்தி வைத்திருக்கும்போதும் பெரிய பேட்டரியிலிருந்து குட்டிக்கு அவ்வப்போது ஊட்டிவிடும் கார்களும் உண்டு. உங்கள் கார் எந்த ரகம் என்பதை வாங்கும்போதே கேட்டுக்கொள்ளுங்கள்.

சாக்கெட்டில் சொருகி, வண்டி ஓடும்போது மட்டும் படம் பிடித்தால் பிரச்னையே இல்லை. நிறுத்தும்போதும் வேண்டும் என்றால், பேட்டரி குறைந்ததும் தானாக அணைந்துகொள்ளும் கிட்டைக் கேட்டு வாங்கி, ஒயரை வெட்டாமல் ஃப்யூஸ் பெட்டியிலிருந்து எடுக்கச் சொல்லுங்கள். ஓரத் தூணுக்குள் ஏர்பேக் இருந்தால் ஒயர் அதற்குப் பின்பக்கமாகப் போக வேண்டும். குறுக்கே போகக் கூடாது. ஆரஞ்சு நிற ஒயர் பக்கம் யாரையும் கை வைக்க விடாதீர்கள். அதில் ஓடுவது ஆளைக் கொல்லும் மின்சாரம்.

பல லட்சம் ரூபாய்க்குக் காரை விற்பவர்கள் இந்த நாலு வரியைத் தமிழில் அச்சடித்துக் கொடுத்தால் என்ன? 'வாரண்டி போய்விடும்' என்று பயமுறுத்துவது சுலபம். சொல்லிக் கொடுப்பதுதான் கஷ்டம் போலிருக்கிறது.

இதோடு விட்டிருந்தால் இந்த வாரம் வேறு எதைப் பற்றியாவது எழுதியிருப்பேன். ஆனால் அன்று சாயங்காலம் ஒன்று நடந்தது.

பால்கோவா வாங்க ஸ்ரீவில்லிபுத்தூர் போனோம். திரும்பும்போது, ஊர் எல்லை தாண்டுவதற்குள், மொபெட்டில் பால் கேனோடு போன ஒரு பெரியவர் வலது பக்கம் திரும்பினார். நம் வண்டி உரசியது. கேன் உருண்டது. பெரியவர் விழுந்தார். ரோடெல்லாம் பால்.

கூட்டம் கூடிவிட்டது. ஆச்சரியம், கூட்டம் எங்கள் பக்கம் பேசியது. "பெருசு பின்னால பார்க்காம திரும்பிருச்சு சார்." பெரியவர் வலியோடு சொன்னது ஒன்றுதான்: "கை காட்டினேன்யா. வண்டி சத்தமே கேக்கலையே." மாப்பிள்ளை அடித்துச் சொன்னார்: "கையெல்லாம் காட்டலை. கேமரா இருக்கு. ராத்திரி போட்டுப் பார்ப்போம்."

அவரை அரசு ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். காலில் எலும்பு முறிவு. போலீசுக்கும் தகவல் சொன்னோம். அதெல்லாம் முறைப்படி நடந்தது. ராத்திரி வீட்டில் கார்டை லேப்டாப்பில் போட்டோம்.

பெரியவர் கை காட்டியிருக்கிறார். முழுசாக நாலு செகண்ட். வலது கை விறைப்பாக நீண்டிருக்கிறது. திரையின் ஓரத்தில் வேகம் 32 என்று காட்டுகிறது. அந்த வேகத்தில் நாலு செகண்டுக்கு 35 மீட்டர் போகலாம். நிறுத்த முடியாத தூரமில்லை.

ஏன் நிறுத்தவில்லை? அதற்கும் பதில் இருந்தது. கேமராவில் மைக் உண்டு. அதில் என் குரல். "ஆமா, இன்னும் எவ்வளவு கிலோமீட்டர் ஓடும்னு எதில் பார்க்கிறது மாப்பிள்ளை?" அடுத்து அவர் குரல். "இந்தா, இந்த ஸ்கிரீன்ல பாருங்க மச்சான்..." அப்புறம் பிரேக் சத்தம்.

அவர் ஸ்கிரீனைப் பார்த்தார். பார்க்க வைத்தவன் நான்.

யாரும் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு மாப்பிள்ளை மெதுவாகச் சொன்னார். "ஒண்ணும் பண்ண வேண்டாம் மச்சான். கார்டைத் திரும்ப மாட்டிருவோம். ரெண்டு நாள் ஓட்டினா பழசு மேல புதுசு ஏறி தானா அழிஞ்சிரும்."

டேஷ்கேமின் விசேஷமே அதுதான். கார்டு நிரம்பியதும் பழைய படத்தின் மேல் புதிதாக எழுதும். நாம் எதையும் அழிக்க வேண்டாம், சும்மா இருந்தாலே போதும். தப்பு செய்கிற உணர்ச்சியே இல்லாமல் ஒரு தப்பைச் செய்ய இவ்வளவு நல்ல வசதியை யாரும் கண்டுபிடித்ததில்லை.

உண்மையைச் சொல்கிறேன். நானும் உடனே மறுத்துப் பேசவில்லை. பத்திரிகையில் ஊருக்கு உபதேசம் செய்கிற ஆள்தான். அன்றைக்கு என் குரல் அதில் இருந்தது.

தங்கைதான் கேட்டாள். "நாளைக்கு ஒரு லாரிக்காரன் நம்ம மேல மோதிட்டு இப்படி அழிச்சான்னா நீங்க ரெண்டு பேரும் சும்மா இருப்பீங்களா?"

அம்புட்டுதான்.

யோசித்துப் பாருங்கள். இந்தக் கேமராவை நாம் எதற்கு வாங்குகிறோம்? அடுத்தவன் செய்யும் தப்பைப் பிடிக்க. அதில் நியாயமும் இருக்கிறது. 2024 ஜூனில் கோவை மதுக்கரைக்குப் பக்கத்தில், சேலம்-கொச்சி நெடுஞ்சாலையில், கேரளத்துக்குத் திரும்பிக்கொண்டிருந்த ஒரு காரை முகமூடிக் கும்பல் மறித்து அடித்து நொறுக்கியது. அந்தக் காரின் டேஷ்கேமில் அத்தனையும் பதிவானது. நாலு பேரைப் போலீஸ் பிடித்தது. அந்தப் படத்தைப் பார்த்துவிட்டுக் கேமரா வாங்கியவர்களில் எங்கள் மாப்பிள்ளையும் ஒருவர்.

ஆனால் நாம் அதை ராஜபாளையம் நாய் என்று நினைத்து வாங்குகிறோம். எஜமானை மட்டும் காப்பாற்றும், அந்நியனை மட்டும் கடிக்கும் என்று. கேமராவுக்கு எஜமான் கிடையாது. அது சாட்சி. சாட்சி என்றால் இரண்டு பக்கத்துக்கும் சாட்சி. எதிராளியின் பற்று மட்டும் எழுதி, நம் பற்றை விட்டுவிட்டால் அதற்குப் பெயர் கணக்கு இல்லை, பொய்க் கணக்கு. பி.காம் முதல் வருஷத்திலேயே சொல்லிக் கொடுப்பார்கள்.

நம்மவர்கள் என்ன செய்கிறார்கள்? குறுக்கே வந்த ஆட்டோக்காரர், ஹெல்மெட் போடாத பையன், தடுமாறும் கிழவி என்று எல்லாருடைய முகத்தையும் வெட்டி எடுத்துப் பாட்டுப் போட்டு ஊருக்குக் காட்டுகிறார்கள். தன் கார் சிக்னல் தாண்டிய படத்தை இதுவரை ஒரு மகராசன் வெளியிட்டு நான் பார்த்ததில்லை.

ஜெர்மனியில் இதைப் பற்றிப் பெரிய சண்டையே நடந்தது. ரோட்டில் போகிற எல்லாரையும் ஓயாமல் படம் பிடிப்பது அந்தரங்கத்தில் தலையிடுவதுதான். ஆனாலும் விபத்து வழக்கில் அந்தப் படத்தைச் சாட்சியமாக ஏற்கலாம் என்று 2018 மே மாதம் அந்த நாட்டு உச்ச நீதிமன்றம் சொன்னது. அதாவது, கேமராவின் இடம் கோர்ட், சந்தை இல்லை.

நம் ஊரில் இதன் தேவை இன்னும் அதிகம். 2022 கணக்குப்படி தமிழ்நாட்டில் 64,105 சாலை விபத்துகள். இந்தியாவிலேயே முதலிடம். செத்தவர்கள் 17,884 பேர். நாடு முழுக்க அந்த வருஷம் மோதிவிட்டு ஓடிய வண்டிகளால் மட்டும் முப்பதாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் செத்தார்கள். மோதிய வண்டி எது என்றே தெரியாவிட்டால் குடும்பத்துக்குக் கிடைப்பது அரசு தரும் இரண்டு லட்சம்தான். 2022 ஏப்ரலுக்கு முன் அது வெறும் 25 ஆயிரம். வண்டி நம்பர் தெரிந்தால் இன்ஷூரன்ஸ் கம்பெனியிடம் முழு நஷ்டஈடு கேட்கலாம். அந்த நம்பர் ஒருவேளை உங்கள் கேமராவில் இருக்கலாம். நீங்கள் மோதியிருக்க வேண்டியதில்லை, பின்னால் வந்திருந்தாலே போதும். இந்தப் பெட்டியின் உண்மையான மதிப்பு அங்கேதான் இருக்கிறது என்று எனக்குத் தோன்றுகிறது.

மறுநாள் காலையில் மாப்பிள்ளையும் நானும் கார்டை எடுத்துக்கொண்டு ஸ்டேஷனுக்குப் போனோம். எந்த ஸ்டேஷன் என்று சொல்லப்போவதில்லை. விவரம் சொன்னதும் அங்கிருந்தவர் எங்களை ஏற இறங்கப் பார்த்தார். தனக்கு எதிரான சாட்சியைத் தானே கொண்டுவந்த ஆளை அதிகம் பார்த்திருக்க மாட்டார். பிறகு சொன்னார். "எதுக்கு சார் கார்டெல்லாம்? வாட்ஸப்ல அனுப்பி விடுங்க."

இங்கேதான் அரசாங்கத்துக்கு ஒரு வார்த்தை. 2024 ஜூலை 1 முதல் அமலில் இருக்கும் புதிய சாட்சியச் சட்டத்தின் 63-வது பிரிவு, மின்னணுப் பதிவின் நகலைத் தருவதற்கு சான்றிதழ் கேட்கிறது. படத்தில் ஒரு புள்ளி மாறினாலும் காட்டிக்கொடுக்கும் 'ஹேஷ்' எண்ணை அதில் குறிப்பிட வேண்டும். உடையவர் ஒரு பகுதியிலும் நிபுணர் ஒரு பகுதியிலும் கையெழுத்துப் போட வேண்டும். வாட்ஸப்பில் அனுப்பினாலோ படம் சுருங்கிவிடும், எண்ணும் மாறிவிடும். சட்டம் ஒன்று கேட்கிறது, ஸ்டேஷன் இன்னொன்று கேட்கிறது. கார்டை வாங்கி, எண்ணைக் குறித்து, ரசீது கொடுக்க ஸ்டேஷனுக்கு ஒருவருக்குப் பயிற்சி தரக் கூடாதா? நாங்கள் பிடிவாதமாகக் கார்டையே கொடுத்து எழுதி வாங்கிக்கொண்டோம். அதற்கு இரண்டு மணி நேரம் ஆனது.

நீங்களும் குறித்துக்கொள்ளுங்கள். விபத்து நடந்தால் முதலில் கார்டைக் கழற்றிப் பத்திரப்படுத்துங்கள். கேமராவில் தேதியும் நேரமும் சரியாக இருக்கிறதா என்று மாதம் ஒருமுறை பாருங்கள். 2015 ஜனவரி 1 என்று காட்டும் படத்தை வைத்து வக்கீல் உங்களைக் கிழித்துவிடுவார். யாருக்காவது அடிபட்டிருந்தால், தப்பு யார் மேல் இருந்தாலும், அந்தப் படம் உங்கள் சொத்து இல்லை.

இன்னொன்று. உண்மையைச் சொன்னால் வீட்டை விற்க வேண்டி வரும் என்கிற பயம் வேண்டாம். கட்டாய மூன்றாம் நபர் இன்ஷூரன்ஸ் இருப்பதே இதற்காகத்தான். காயம்பட்டவருக்கு நஷ்டஈடு தருவது கம்பெனி. வழக்கு வரும், அலைய வேண்டியிருக்கும். மாவட்ட கோர்ட் ஸ்ரீவில்லிபுத்தூரில்தான் இருக்கிறது. மாப்பிள்ளை இனி பால்கோவாவுக்காக மட்டும் அங்கே போக முடியாது.

பெரியவர் இப்போது வாக்கர் வைத்து நடக்கிறார். பால் எடுக்க மகன் போகிறான். மாப்பிள்ளை ஆஸ்பத்திரிக்குப் பார்க்கப் போனபோது, கார்டைக் கொடுத்த விஷயம் அவருக்கு முன்பே தெரிந்திருந்தது. அவர் கேட்டது ஒரே கேள்விதானாம்.

"நான் கை காட்டினது அதுல தெரியுதா தம்பி?"

"தெரியுதுய்யா" என்று மாப்பிள்ளை சொல்லியிருக்கிறார். கூட்டத்தில் ஒருத்தரும் நம்பாத அந்த வார்த்தையை அப்படியாவது ஒருவர் ஒப்புக்கொண்டதில் அவருக்கு ஒரு நிம்மதி.

கேமரா மாட்டப்போகிறீர்களா? தாராளமாக மாட்டுங்கள். மாட்டுவதற்கு முன் ஒரே ஒரு விஷயத்தை மட்டும் முடிவு செய்துகொள்ளுங்கள். அது உங்களைக் கடித்தால் என்ன செய்வீர்கள்?