வீரர் சிற்பங்களில் ஆற்றற் குறிப்பு

பண்டை வீரரைச் சிற்பத்திற் காண்போர் முதற்கண் நோக்குவது உருவின் பெருமையையே. பேருருவம் பேராற்றலைக் குறிக்கும் என்பது பொதுவான கருத்து. தமிழர் வீரக்கலை முழுமைக்கும் இக்கருத்துப் பொருந்துமா என ஆராய்தல் வேண்டும்.

திருவரங்கத்துச் சேஷராயர் மண்டபத்தில் 16-ஆம் நூற்றாண்டுச் சிற்பிகள் செதுக்கிய குதிரைகள் முன்னங்கால் தூக்கிப் பாய்கின்றன. மேலிருக்கும் வீரர் வேலோச்ச, கீழே வேங்கை மடிகின்றது. காண்போர் அண்ணாந்தே காணவேண்டும். ஆற்றல் ஈண்டு உயரத்தால் உணர்த்தப்படுகின்றது. எனினும் அவ்வீரர் யாவர்? எந்த ஊரினர்? சிற்பம் விடை கூறாது. அவர்தம் வீரம் அரசின் பெருமைக்கு அணியாயிற்று.

இனி, தேனி மாவட்டத்துப் புலிமான்கோம்பையில் 2006-ஆம் ஆண்டு கண்டறியப்பட்ட நடுகற்களை நோக்குவோம். அவற்றில் உருவம் யாதுமில்லை. தமிழ்ப் பிராமி எழுத்துக்களே உள. கூடலூரில் நிகழ்ந்த ஆநிரைப் பூசலில் மாண்டானொருவன் பெயரை ஒரு கல் தாங்கி நிற்கின்றது. உருவின்றியும் அவன் நம்முன் நிற்கின்றான்.

இவ்விரண்டிற்கும் இடைப்பட்டது செங்கம் வட்டாரத்து எடத்தனூர் நடுகல். மகேந்திரவர்மன் காலத்ததாகிய அதில் வீரன் கருந்தேவக்கத்தியோடு அவன் நாயும் செதுக்கப்பட்டுள்ளது. கள்வர் இருவரைக் கடித்துக் காவல் நின்ற அந்நாயின் பெயர் கோவிவன் என்பதையும் கல்வெட்டு மறவாது பொறித்துள்ளது. செங்கத்து நடுகற்கள் பலவற்றில் வீரன் உடலில் அம்புகள் தைத்து நிற்கும். வென்ற கோலத்தினும் ஏற்ற புண்ணே ஆற்றலின் குறியாகக் கொள்ளப்பட்டது. ஆகவே, உயரம் ஆள்வோன் ஆற்றலைக் காட்டும். புண்ணும் பெயரும் காத்து நின்றோன் ஆற்றலைக் காட்டும் எனலாம்.

இவ்வுண்மை ஊவா மலைகளில் வாழும் நமக்கு அயலானதன்று. பெரகலைச் சூழ்ந்த தோட்டங்களில் மரத்தடியில் நட்ட கல்லும் முன்னே ஊன்றிய அரிவாளுமே முனியாண்டிக்கு உருவமாகின்றன. நடுகல் மரபின் சாயல் அதிற் புலப்படுகின்றது. ஆயினும் ஒரு குறை உண்டு. 19-ஆம் நூற்றாண்டில் கோப்பிக்கெனக் காடு வெட்டி மலை திருத்தி மாண்ட நம் முன்னோருக்குக் கல்லில் எழுதிய பெயரில்லை. ஒரு நாய்க்கும் பெயர் பொறித்த மரபின் வழிவந்தோர் நாம். முதியோர் நினைவில் எஞ்சியுள்ள பெயர்களையேனும் மாணவர் இன்றே கேட்டெழுதுவாராயின், அவ்வேடே அவர்கட்கு நடுகல்லாகும்.