ஐந்து கோடும் அச்சில் அப்படியே!

எங்கள் கொயரின் பாட்டுப் புத்தகத்தைக் கையில் வாங்கிப் புரட்டுகிறவர்கள் முதலில் கேட்பது, "இது எந்த நாட்டில் அச்சடித்தது?" என்றுதான். அச்சு சிவகாசி. நொட்டேஷனைத் தட்டச்சு செய்தது நான். அதைப் பக்கமாக்கிக் கொடுத்தது லில்லிபாண்ட். யார் வேண்டுமானாலும் இலவசமாக இறக்கிக்கொள்ளக்கூடிய ஒரு மென்பொருளிலிருந்து இவ்வளவு அழகான பக்கம் பிறக்கும் என்று நான் கனவிலும் நினைக்கவில்லை. எதிர்ப்படுகிறவர்களிடம் எல்லாம் இதையேதான் சொல்லி வருகிறேன். இங்கேயும் அதைத்தான் சொல்லப்போகிறேன்.

நான்கு குரலுக்கும் ஸ்டாஃப் நொட்டேஷன், அதனடியில் தமிழ் வரிகள். கேட்கும்போது சாதாரணமாகத் தெரியும். ஆனால் எங்கள் வட்டாரத்துக் கொயர்களில் புழங்குவதெல்லாம் ஜெராக்ஸுக்கு எடுத்த ஜெராக்ஸ். டெனர் நோட்டு கோட்டின்மேல் உட்கார்ந்திருக்கிறதா, இரண்டு கோட்டுக்கு நடுவில் இருக்கிறதா என்று கண்ணை இடுக்கிக்கொண்டு பாட வேண்டியிருக்கும். நல்ல குரல்வளம் உள்ள பிள்ளைகளுக்கு நல்ல தாள் வேண்டாமா?

லில்லிபாண்டை 1996இல் தொடங்கியவர்கள் ஹான்-வென் நீன்ஹய்ஸ், யான் நியூவன்ஹய்சன் என்ற இரண்டு நெதர்லாந்துக்காரர்கள். இருவரும் இசை வாசிப்பவர்கள். கணினியில் அமைத்த இசைத்தாள்கள் உயிரில்லாமல் கிடக்கின்றனவே என்ற ஆதங்கத்தில் பிறந்த வேலை இது. அவர்கள் முன்மாதிரியாக எடுத்துக்கொண்டது பழைய தகட்டுச் செதுக்கலை. ஐந்து முனைக் கருவியால் உலோகத் தகட்டில் கோடுகளைக் கீறி, நோட்டின் தலையையும் கிளெஃபையும் ஒவ்வொன்றாக அச்சுளி வைத்துத் தட்டி, அத்தனையையும் கண்ணாடியில் தெரிவதுபோல் இடவலம் மாற்றிச் செய்த கைகள் அவை. பாக்கின் தனிச் செல்லோ இசைக்கு பேரன்ரைட்டர் 1950இல் போட்ட கைச்செதுக்கல் பதிப்பையும், அதே பதிப்பகம் 2000இல் கணினியில் செய்த பதிப்பையும் லில்லிபாண்ட் ஆவணங்களில் அடுத்தடுத்து வைத்துக் காட்டியிருக்கிறார்கள். ஒருமுறை பாருங்கள். பழையதில் கோடு கொஞ்சம் தடிமன், முனைகள் மழுங்கல், மொத்தப் பக்கத்திலும் ஒரு கனிவு. அந்தக் கனிவைத் திரும்பக் கொண்டுவருவதுதான் இந்த மென்பொருளின் வேலையே.

இதில் எனக்கு மிகவும் பிடித்த விஷயம் ஒன்று உண்டு. லில்லிபாண்டின் இசை எழுத்துரு ஒரே வடிவத்தைப் பெரிதாக்கிச் சிறிதாக்கி ஓட்டுவதில்லை. 11 புள்ளியிலிருந்து 26 புள்ளி வரை எட்டு அளவுகளுக்கு எட்டு தனி வடிவங்கள் வரைந்து வைத்திருக்கிறார்கள். அளவு சிறுத்தால் குறிகள் சற்றுத் தடிக்கும். கோடும் அப்படியே: 20 புள்ளி ஸ்டாஃபில் ஏறத்தாழ அரைப் புள்ளி கனம். ஸ்டாஃபைச் சிறிதாக்கினால் அதே விகிதத்தில் கோடு இளைத்துப்போகாது, கொஞ்சம்தான் குறையும். டெமி அளவுப் புத்தகத்தில் நான்கு குரலையும் அடக்குவதற்கு ஸ்டாஃபைச் சுருக்கித்தான் ஆக வேண்டும். அப்படிச் சுருக்கியும் எங்கள் பக்கத்தில் ஒரு கோடுகூட மங்கவில்லை என்றால் காரணம் இதுதான்.

தமிழுக்கு வருகிறேன். இங்கேதான் நான் உருகிப்போனேன். லில்லிபாண்டில் எல்லாமே எழுத்தாலேயே எழுதுவது. நோட்டுக்கு ஆங்கில எழுத்து, தாள அளவுக்கு எண், பாட்டு வரிக்கு யூனிகோடு தமிழ். "ஆண்டவர்" என்ற சொல்லை ஆண்-ட-வர் என்று பிரித்து, நடுவில் இரண்டு சிறுகோடு போட்டால் போதும், ஒவ்வொரு அசையும் தன் நோட்டுக்கு நேர் கீழே போய் நிற்கும். மெய்யெழுத்து முந்தின எழுத்தோடு ஒட்டிக்கொள்ள வேண்டும் என்பது பாடுகிறவனுக்குத் தெரியும், அதை நாம் பிரித்துக் காட்டிவிட்டால் மீதியை அது பார்த்துக்கொள்ளும். ஒற்றைக்கொம்பு, இரட்டைக்கொம்பு, துணைக்கால் எதுவும் இடம் மாறாது. நம் எழுத்துகள் அகலமானவை. "ணை" என்று ஒன்று எட்டில் ஒரு பங்கு நோட்டுக்குக் கீழே வந்தால் இடம் போதாது. அப்போது லில்லிபாண்ட் எழுத்தை நசுக்குவதில்லை, நோட்டுகளைத் தள்ளி உட்கார வைக்கிறது. தள்ளியதும் தெரியாமல், வரி முழுவதையும் மறுபடி சமன் செய்கிறது. கோப்பின் தலையில் நோட்டோ செரிஃப் தமிழ் எழுத்துருவின் பெயரைச் சொல்லிவிட்டேன், புத்தகம் முழுக்க அது ஒன்றே.

இனி அச்சகத்துக்கு அனுப்பும் கட்டம். நொட்டேஷனைப் படமாக ஏற்றுமதி செய்து அனுப்புகிறவர்கள் பலரைப் பார்த்திருக்கிறேன். தயவுசெய்து வேண்டாம். அரைப் புள்ளிக் கோட்டை 300 டிபிஐ படமாக்கினால் அதன் கனம் இரண்டே பிக்சல். அளவைச் சற்று மாற்றினாலும் ஒரு கோடு இரண்டு பிக்சல், அடுத்தது மூன்று என்று ஐந்து கோடும் ஐந்து விதமாக விழும். லில்லிபாண்ட் தருகிற பிடிஎஃப் வெக்டர் கோடுகளால் ஆனது. எத்தனை மடங்கு பெரிதாக்கினாலும் விளிம்பு அறுபடாது. எழுத்துருக்களும் உள்ளேயே பதிந்துவரும், "சார், ஃபான்ட் இல்லை" என்று அச்சகத்திலிருந்து போன் வராது.

ஆனால் ஒன்றைக் கட்டாயம் செய்ய வேண்டும். இயல்பு நிலையில் அந்தப் பிடிஎஃபின் ஒவ்வொரு நோட்டுக்குள்ளும் மூலக் கோப்புக்கு ஓர் இணைப்பு இருக்கும். நோட்டைச் சொடுக்கினால் அது எழுதப்பட்ட இடத்துக்குத் தாவும். ஃப்ரெஸ்கோபால்டி என்ற எடிட்டரில் உட்கார்ந்து திருத்தும்போது இது வரப்பிரசாதம். அச்சுக்குப் போகும் பிரதியிலோ இது அணைக்கப்பட வேண்டும், இல்லாவிட்டால் நம் கணினியின் ஃபோல்டர் பெயர்கள்கூட அதனுடன் பயணமாகும். அணைத்தால் கோப்பின் எடையும் நன்றாகக் குறையும். இரண்டு பக்க அச்சுக்கு உள் மார்ஜின், வெளி மார்ஜின், பைண்டிங்குக்கு விடும் இடம் எல்லாவற்றையும் கோப்பிலேயே சொல்லிவிடலாம். ஆர்கன் வாசிப்பவருக்காகப் பக்கத்தை ஓய்வு வரும் இடத்தில் திருப்பும்படி அமைக்கவும் வழி இருக்கிறது. இதை யோசித்தவர்களைக் கண்டால் கையெடுத்துக் கும்பிடுவேன்.

அச்சகத்தில் டிசைனிங் பார்க்கும் தம்பி பிடிஎஃபை அக்ரோபேட்டில் திறந்து, மைப் பிரிவுகளைக் காட்டும் பலகையைத் திறந்தார். கருப்பு நல்ல கருப்பா என்பதுதான் அவருடைய முதல் கவலை. திரையில் கருப்பாகத் தெரிவது சில நேரம் நான்கு மையாகப் பிரிந்துவிடும், அல்லது அடர்சாம்பலாகிப் புள்ளி புள்ளியாக உடையும். மெல்லிய கோட்டுக்கு இரண்டுமே ஆகாது. அவர் கருப்பை, அதாவது 'கே' மையை, மட்டும் அணைத்தார். பக்கம் மொத்தமும் வெள்ளையாகிவிட்டது. "சார், எல்லாம் கே-யில மட்டும்தான் இருக்கு. மத்த மூணும் காலி. இப்படிச் சுத்தமா யாரும் கொண்டுவர மாட்டாங்க" என்றார். எனக்குத் தலைகால் புரியவில்லை.

பிளேட் போட்டு முதல் ஃபாரம் ஓடியதும் மெஷின்மேன் ஒரு தாளை உருவி லென்ஸை வைத்தார். நானும் குனிந்து பார்த்தேன். ஃபிளாட் குறியின் வயிற்றுக்குள் இருக்கும் குட்டி வெள்ளை இடம் மை அடைக்காமல் அப்படியே திறந்திருந்தது. ஷார்ப் குறியின் நான்கு கட்டையும் தனித்தனி. அதற்குக் கீழே "கே" என்ற எழுத்தின் கொம்புச் சுழி முழுசாக, ஒரு பிசிறும் இல்லாமல். "கோடு கம்பி மாதிரி நிக்குது சார்" என்றார் மெஷின்மேன். 80 ஜிஎஸ்எம் மேப்லித்தோவில் இப்படி! நூல் தையல் பைண்டிங்தான் வேண்டும் என்று நான் பிடிவாதம் பிடித்ததற்கும் பலன் கிடைத்தது: ஸ்டாண்டில் வைத்தால் புத்தகம் மூடிக்கொள்ளாமல் விரிந்து கிடக்கிறது.

இந்தப் புத்தகத்தின் மூலக் கோப்புகள் வெறும் எழுத்துக் கோப்புகள் என்பது எனக்குப் பெரிய தைரியம். 1988இல் வந்து இசைப் பதிப்பாளர்கள் பலரின் மேசையில் இருந்த ஃபினாலே மென்பொருளைத் தொடரப்போவதில்லை என்று அதன் நிறுவனம் 2024 ஆகஸ்டில் அறிவித்தபோது எத்தனை பேர் தங்கள் பழைய கோப்புகளை எண்ணித் தவித்திருப்பார்கள்! என் கோப்பை நோட்பேடிலேயே திறந்து படிக்கலாம். புதிய பதிப்பு வந்தால் பழைய இலக்கணத்தைப் பெரும்பாலும் தானே மாற்றித்தரும் கருவியும் லில்லிபாண்டோடு சேர்ந்தே வருகிறது.

இப்போது பெரிய எழுத்துப் பதிப்பில் இறங்கியிருக்கிறேன். ஆல்ட்டோ வரிசையில் மூத்த அம்மாக்கள் சிலர், "எங்களுக்கும் கண்ணாடி போடாமல் படிக்கிற மாதிரி ஒன்று செய்யுங்களேன்" என்று கேட்டிருந்தார்கள். ஸ்டாஃப் அளவு ஓர் எண், தாள் அளவு இன்னொரு வரி. அவ்வளவுதான் மாற்றினேன். வரி முறிவு, பக்க முறிவு, அசைகளின் இடைவெளி எல்லாவற்றையும் லில்லிபாண்ட் முதலிலிருந்து புதிதாகக் கணக்கிட்டு ஏ4-இல் விரித்துப் போட்டுவிட்டது. புரூஃப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். கிறிஸ்துமஸ் ஒத்திகைக்குள் அவர்கள் கையில் இருக்கும்.