ஸ்பானிய எதிர்மறை ஏவலும் எழுத்து மாறும் வினைகளும்

ஸ்பானிய மொழியில் ஒரு செயலைச் செய்யாதே என்று விலக்கும் எதிர்மறை ஏவல், விருப்பம், ஐயம், வேண்டுகோள் முதலியவற்றை உணர்த்தும் விழைவு வினைப்பாங்கின் நிகழ்கால வடிவிலேயே அமைகிறது. அப்பாங்கை இன்னும் பயிலாத மாணவருக்காகப் பாடநூல்கள் ஒரு குறுக்குவழியைக் கையாளுகின்றன: தன்மை ஒருமை நிகழ்கால வடிவத்தின் ஈற்று ஓகாரத்தை நீக்கி, 'ஆர்' ஈற்று வினையாயின் ஏகாரத்தில் தொடங்கும் விகுதியையும், 'ஏர்', 'ஈர்' ஈற்று வினையாயின் ஆகாரத்தில் தொடங்கும் விகுதியையும் சேர்ப்பதே அது.

இவ்வழியின் பயன் சிறிதன்று. 'சொல்' எனப் பொருள்படும் 'தெஸீர்' வினை தன்மையில் 'திகோ' ஆவதால் 'நோ திகாஸ்' தானாகவே கிடைக்கிறது. 'பொறுக்கியெடு' எனப் பொருள்படும் 'ரெக்கொஹேர்' வினையில் ஜி எழுத்து ஜே ஆகும் மாற்றமும் தன்மை வடிவிலேயே நிகழ்ந்துவிடுகிறது. 'போ' எனும் பொருளுடைய 'ஈர்' (நோ வாயாஸ்) போன்ற சில வினைகளே இதற்கு அடங்குவதில்லை.

ஆனால் 'தொக்கார்' (தொடு), 'பகார்' (பணம் செலுத்து), 'க்ரூஸார்' (கட) ஆகிய 'ஆர்' ஈற்று வினைகளில் மாற்றம் தன்மை வடிவில் தென்படாமல், ஏகாரம் வந்து சேரும்போதுதான் தோன்றுகிறது. ஏகாரத்தின் முன் சி எழுத்து ககர ஒலியையும், ஜி எழுத்து தன் வல்லொலியையும் இழந்துவிடும் என்பதால், 'நோ தொக்கேஸ்' என்பதில் சி எழுத்துக்கு மாறாகக் கியூ, யூ எழுத்துகள் இடம்பெறுகின்றன. 'நோ பகேஸ்' என்பதில் ஜி எழுத்தை அடுத்து யூ நுழைகிறது. செவிக்கு இவ்வினைகள் முற்றிலும் ஒழுங்கானவை. ஒலியைக் காப்பதற்காகவே எழுத்து மாறுகிறது. இதை விளக்காமல் மூன்று வரி அட்டவணையாகத் தந்து விதிவிலக்குபோல் மனப்பாடம் செய்யச் சொல்வதே இம்முறையின் பெருங்குறை. இறந்தகாலத் தன்மை ஒருமையிலும் ('தொக்கே', 'பகே') இதே மாற்றம் இதே காரணத்தால் நிகழ்கிறது என்பதை அட்டவணை காட்டுவதில்லை.

எனினும், ஒலி விளக்கமும் எல்லாவற்றுக்கும் பொருந்திவிடாது. 'நோ க்ரூஸேஸ்' என்பதில் இஸட் எழுத்தைச் சி எழுத்தாக மாற்றாமல் எழுதினாலும் ஒலிப்பு மாறாது. லத்தீன் அமெரிக்காவில் ஸகரமாக ஒலித்தாலும், ஸ்பெயினின் பெரும்பகுதியில் பல்லிடை ஒலியாக ஒலித்தாலும், ஏகாரத்தின் முன் சி, இஸட் இரண்டும் ஒன்றே. ஏகார, இகரங்களின் முன் இஸட் எழுதுவதைப் பெரும்பாலும் தவிர்க்கும் எழுத்து மரபே இங்கு காரணம். அதை மரபென்றே சொல்லித் தருவதுதான் நேர்மை. குறுக்குவழி தொடக்கநிலையில் நீடிக்கலாம். ஆனால் அந்த அட்டவணையை ஏவல் பாடத்திலிருந்து எடுத்து, எழுத்துகளின் ஒலிப்பைக் கற்பிக்கும் முதற்பாடத்தில் வைப்பதே முறை.